மொட்டுக் கிள்ளுகிற கை

தண்ணீர் விடாமல் வளர்க்கவேண்டிய ஒரு செடியைப் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் வளர்க்கப் பார்த்தவள் நான். அந்தத் தலையிடியை இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அந்தத் தோட்டக்காரரான என் கணவருக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, என்று கண்டார்கள். மண்வெட்டி பட்ட கால் பெருவிரல் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையை நினைத்த நாளில் விழுங்குவார். தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி கடிப்பதை மட்டும் ஒருநாளும் மறக்கமாட்டார். குளிசையோடு, தேத்தண்ணீருக்குப் பதிலாக ஆவரசம்பூவை அவித்துக் குடிக்கச் சொன்னார் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஊர்ப் பரியாரியார். கால் போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் இந்த மனிதர் அதிக நாள் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஆவரசைத் தேடிப் புறப்பட்டேன்.

சுன்னாகத்தைச் சுற்றி வெங்காயம் வைக்காத காணியே இல்லை. பற்றை இருந்தால்தானே ஆவரசு இருக்கும்? சந்நிதி கோயிலுக்குப் போன ஒரு நாள், தொண்டைமானாற்று மணல்வெளியில், ஆள் நிற்க முடியாத வெயிலில் அது மஞ்சளாகப் பூத்து நின்றது. காய்ந்த நெற்றுகளைப் பறித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன்.

கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி விதைத்தேன். முளைத்தது. அவருக்கு முளை ஒன்றைக் கண்டால் போதும், வாய்க்கால் வெட்டாமல் இருக்கமுடியாது. தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அதற்கும் போனது. மாட்டெருவும் போனது. வேர் அழுகி எல்லாம் செத்தன. வாடினதைக் கண்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

மிச்ச விதையைக் கொல்லை மூலையில், கல்லுப் பூமியில், வேலியோடு போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று கட்டளையிட்டேன். தலையாட்டினார். ஒன்று மட்டும் தப்பி, அடுத்த வருஷம் இடுப்பளவுக்கு வளர்ந்து மொட்டு வைத்தது. சந்தோஷப்பட்டு முடியவில்லை, மொட்டுகளைக் காணவில்லை. திரும்ப வைத்தது, திரும்பக் காணவில்லை. நான் அயல்வீட்டு ஆட்டைத் திட்டினேன். ஆட்டுக்காரியோடு கதைப்பதை நிறுத்தினேன்.

ஒரு காலை, வாயில் வேப்பங்குச்சியோடு இவர் செடியருகே நிற்பதைக் கண்டேன். புகையிலைப் பால் பட்டுக் கறுத்த நகங்களால் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார். "கை தன்ரை பாட்டிலை போகுது. பூக்கவிட்டா இலை தடிக்காதெல்லோ?"

"இலையிலை சுருட்டே சுத்தப்போறியள்? எனக்குப் பூத்தான் வேணும்."

புகையிலைக்கு அது சரியான வேலைதான். மொட்டுத் தலைகாட்டினால் கிள்ளவேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துப்போகும். சிறுவயதிலிருந்து அதையே செய்த கைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? இனித் தொடவில்லை என்றார். அடுத்த கிழமையும் கிள்ளினார். இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றிவர அடைத்தேன். முள்ளுக்குள்ளால் கைவிட்டுக் கிள்ளினார்.

அதற்குள் மண்வெட்டி பட்ட கால்விரல் கறுத்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். நான் சோற்றுப் பெட்டியோடு பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தேன். கொல்லைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் உடுப்பு எடுக்க வந்தபோது பார்க்கிறேன், செடி நிறைய மஞ்சள். தண்ணீர் இல்லை, எரு இல்லை, இவரும் இல்லை. நன்றாகப் பூத்துத் தொலைத்திருந்தது. கோபத்தில் அதனருகே இருந்து அழுதேன். பிறகு பூவைப் பறித்துச் சுளகில் காயவைத்தேன்.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவர், முதல் வேலையாகச் செடியைப் பார்க்கப் போனார்.

"பாத்தீரே, நான் வைச்ச எரு," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கை மொட்டை நோக்கி நீண்டது. நான் பார்ப்பதைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பூத்திட்டா அந்தச் செடி முடிஞ்சுது எண்டுதான் எங்களுக்குப் பழக்கம். உந்தப் பூவைப் பாக்கேக்கை எனக்குப் பயமாக்கிடக்கு."

இத்தனை வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அது முடியவில்லை, இன்னும் பூக்கும் என்று சொல்லி, அவித்த பூத்தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக் குடித்தார். பனங்கட்டி கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் விடிய எழும்பிக் கொல்லைக்குப் போனேன். ஊன்றுகோல் குத்திய குழிகள் கிணற்றடியிலிருந்து செடி வரைக்கும் போய்த் திரும்பியிருந்தன. மொட்டுகளைப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. செடியின் அடியில் மண் மட்டும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அந்தக் காலோடு வாளி தூக்கியிருக்கிறார்.