சேனாபதி ஆனிங் வாங்கிய கதை

"விரைந்து முடிவெடுப்பவர். மனிதக் கை படாமல் இயங்கும் அமைப்புகளில் கால் நூற்றாண்டு அனுபவம் கொண்டவர்." ஹூஸ்டனில் உள்ள ஓர் எரிவாயுக் குழாய் நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் சேனாபதியை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறது. பக்கத்தில் ஒரு புகைப்படமும் உண்டு. புகைப்படம் அவருடையதுதான்.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்னும் ஊரில் இருக்கும் அவர் வீட்டின் கராஜ் கதவுக்கு ரிமோட் இருக்கிறது. ஆனாலும் காரை விட்டு இறங்கி, கதவு தரையைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் உள்ளே போவார். ரைஸ் குக்கர் தானாக அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைப்பார். கேட்டால், "அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்பார். ஆயிரம் மைல் குழாயில் வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்ள வழி செய்தவர், குக்கரை நம்பத் தயாரில்லை. என்ன இருக்கிறதென்று தெரியாதவர்கள் நிம்மதியாகச் சோறு சாப்பிடுகிறோம்.

விரைந்து முடிவெடுப்பதைப் பொறுத்தவரை, ஓர் ஆனிங் வாங்குவதற்கு அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

ஆனிங் என்பது வேறொன்றுமில்லை, ஆர்.வி. என்னும், படுக்கையும் சமையலறையும் கொண்ட சுற்றுலா வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் துணிக்கூரை. விரித்தால் வாசலில் ஒரு பந்தல். சேனாபதி வாங்கிய, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய டிரெய்லரில் அது கிழிந்து தொங்கியது. புதிதாகப் போட வேண்டும். கையால் இழுத்து விரிப்பது ஒரு வகை, பட்டனை அழுத்தினால் மோட்டாரில் விரிவது இன்னொரு வகை.

டிரெய்லர் வாங்கியதே நிழலுக்காகத்தான். அவர் மனைவி சாந்தாமணிக்கு லூபஸ் என்னும் நோய் இருப்பதை மூன்று வருடம் முன்பு கண்டுபிடித்தார்கள். நேர்வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும், மூட்டுகள் நாள்கணக்கில் வலிக்கும். டெக்ஸஸில் வெயிலை விலக்கச் சொல்வது, மீனைக் கொஞ்சம் தண்ணீரை விட்டு விலகி இருக்கச் சொல்வது போலத்தான். வீடு, கார், மால், வீடு என்று ஆகிவிட்டது அவர் உலகம். ஒரு மரத்தை நடுவில் ஜன்னல் கண்ணாடி இல்லாமல் பார்த்துப் பல மாதமாகிறது என்று ஒரு நாள் சொன்னார். மறுவாரமே டிரெய்லர் வந்துவிட்டது. அதுவரை விரைவுதான். வீட்டு வாசலில் ஆர்.வி. நிறுத்த குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காததால், அதை வாடகைக் கொட்டகையில் விட்டுவிட்டு, எந்த ஆனிங் நல்லது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் விசாரித்தார், கோயில் பிரசாத வரிசையில் விசாரித்தார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே விசாரித்தார்.

"ஏனுங்க, நெழலுக்குன்னுதான வண்டி வாங்குனீங்க? இப்ப வண்டி கொட்டாய்க்குள்ள நெழல்ல நிக்குது, நான் ஊட்டுக்குள்ள நிக்கறன்" என்றார் சாந்தாமணி.

"அவசரப்பட்டா ஆகுமா? எலக்ட்ரிக்ல மோட்டார் போகும். மேனுவல்ல ஸ்ப்ரிங் போகும். எது மொதல்ல போகும்னு பாக்கோணுமல்ல?"

"அதுக்குள்ள நான் போயிருவனாட்ட இருக்குது."

மகள் ஓவியா டாலஸ் கல்லூரியிலிருந்து போனில் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, ஜஸ்ட் பிக் ஒன்" என்றாள். தமிழில் யாரும் அவரிடம் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜனவரியில் ரவுண்ட் ராக் என்னும் ஊரில் இருக்கும் நண்பர் பிச்சுமணி பொங்கலுக்கு அழைத்தார். அவரிடம் பஸ் போலத் தானே ஓடும் பெரிய மோட்டார்ஹோம் இருந்தது, மின்சார ஆனிங்கோடு. ஏரிக்கரைப் பூங்காவில் வண்டியை நிறுத்தி, ஆனிங் நிழலில் கேம்ப் அடுப்பு வைத்துப் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு.

"என்ன சேனா சார், உங்க ஆனிங் இன்னும் டிசைன் ரிவ்யூலயே இருக்கா? இதப் பாருங்கோ, ஒரே பட்டன்!" பிச்சுமணி அழுத்தினார். மெல்லிய முனகலோடு நிழல் விரிந்தது. சேனாபதி துணியைத் தாங்கும் இரண்டு உலோகக் கைகளையும் தட்டிப் பார்த்தார். சாந்தாமணி அதன் கீழே போய் நின்று, நெடுநாள் கழித்துத் தொப்பியைக் கழற்றினார். அடுப்பு ஆவிக்காக முழுக்கைச் சட்டையையும் மடித்துவிட்டுக்கொண்டார்.

"வருசத்துக்கொருக்கா சூரியனுக்குப் பொங்கல் வெக்கறன், ஆனா அவருகிட்ட மூஞ்சி காட்ட மாட்டன்" என்று பிச்சுமணியின் மனைவி ஷ்யாமளாவிடம் சொல்லிச் சிரித்தார்.

பந்தல் என்று ஒன்று இருந்தால் நம்மவர்களுக்கு அதன் காலில் எதையாவது கட்டியாக வேண்டும். பிச்சுமணி இந்தியன் ஸ்டோரில் ஒரு ஜோடி கரும்பு வாங்கி வந்திருந்தார், தோகையோடு. ஆனிங்கின் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். சேனாபதிதான் முடிச்சு போட்டார், இறுக்கமாக.

மின்சார ஆனிங்குகளில் ஒரு சென்சார் உண்டு. காற்றில் கைகள் ஆடத் தொடங்கினால், துணி கிழியாமலிருக்கத் தானே சுருட்டிக்கொள்ளும். அதை வடிவமைத்தவரிடம் கரும்பைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கூவிய நேரத்தில் ஏரியிலிருந்து சின்னக் காற்று ஒன்று வந்தது. ஆனிங் தன்போக்கில் பொருட்படுத்தியிருக்காத காற்றுதான். ஆனால் இரண்டு தோகைகளும் படபடத்தன, கரும்பு ஆடியது, கரும்போடு கைகளும் ஆடின. மோட்டார் முனகியது.

"ஐயய்யோ, யாரு பட்டனைத் தொட்டேள்?" என்று கத்தினார் ஷ்யாமளா.

"யாரும் தொடலடி! தானா போறது!" என்றார் பிச்சுமணி.

ஒரு கரும்பு படீரென்று முறிந்தது. இன்னொன்று துணியோடு மேலே ஏறியது. கரண்டியும் கையுமாகச் சாந்தாமணி முழு வெயிலில் நின்றார். பொங்கல் பானையில் ஒரு கை வேலையாக இருந்ததால் உடனே ஓடவும் முடியவில்லை. வண்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் படவேண்டியது பட்டுவிட்டது. அந்த வாரம் முழுதும் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் சேனாபதி தன் முடிவைச் சொன்னார். "மேனுவல்."

சாந்தாமணிக்கு உடம்பு தேறியதும் ஆர்.வி. கடைக்குப் போனார்கள். அவர் கறுப்புத்தாள் ஒட்டிய கார் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். வெளியே, கடையின் மாதிரி வண்டியில் இருந்த மேனுவல் ஆனிங்கைச் சேனாபதி விரித்துப் பார்த்தார். கொக்கிக் கம்பியால் மேலே ஒரு லீவரைத் தள்ளி, பட்டையைப் பிடித்து இழுத்து, இந்தப் பக்கக் கையைத் தூக்கித் திருகி, சுற்றிப் போய் அந்தப் பக்கக் கையைத் தூக்கித் திருகினார். நெற்றி வியர்வையோடு காருக்கு வந்தார்.

"பாத்தியா? மோட்டாரு இல்ல, சென்சாரு இல்ல. நாம இழுத்தாத்தான் வரும், நாம தள்ளுனாத்தான் போகும்."

"அதெல்லாஞ் செரி. இழுத்து முடிக்கறவரைக்கும் நீங்க எங்க நின்னீங்க?"

"எங்க நிப்பாங்க? அங்கதான்."

"வெயில்லதான?"

சேனாபதி திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். "நான் தொறந்து தர்றன். நீ வண்டிக்குள்ளயே இரு."

"நீங்க மீட்டிங்ல இருப்பீங்க. நடக்கப் போயிருப்பீங்க. தூங்கீட்டிருப்பீங்க. நான் உள்ளார உக்காந்துட்டு, 'வாங்க, வந்து நெழலத் தொறந்து உடுங்க'ன்னு கூப்புட்டுட்டு இருக்கோணுமா? அதுக்கு ஊட்டுலயே இருந்துக்கறன். நான் படியெறங்கறதுக்கு முன்னால நெழல் எறங்கி நிக்கோணுங்க. ஆரையும் கூப்புடாம."

எட்டு மாத விசாரணையில் மோட்டார், ஸ்ப்ரிங், துணியின் தடிமன், மழைத்தண்ணீர் வடியும் சரிவு என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். யார் திறக்கப் போகிறார்கள், எங்கே நின்றுகொண்டு என்று மட்டும் எவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் ஒரே வீட்டில்தான் இருந்தார்.

"அந்த மோட்டாருச் சனியந்தான உன்னைய வெயில்ல உட்டுது?"

"கரும்பக் கட்டுனது அதுவா? ஆடுனா சுருட்டிக்கோன்னு சொல்லி வெச்சிருக்காங்க, சுருட்டுச்சு. அந்தச் சென்சார ஆஃப் பண்ண முடியாதா?"

"பண்ணலாம். ஆனா அப்பறம் நெசமாலுமே காத்தடிச்சா? துணி கிழிஞ்சு, கை வளைஞ்சு உன் மேலயே உழுந்துச்சுன்னா? ஆரு பாக்கறது?"

"அத நீங்க யோசனை பண்ணுங்க. எட்டு மாசம் வேண்டாம்."

சேனாபதி மின்சார ஆனிங்கை வாங்கினார். பட்டனை வண்டிக் கதவுக்கு உள்பக்கம், சாந்தாமணியின் கை எட்டும் உயரத்தில் பொருத்தச் சொன்னார். சென்சாரை அணைத்துவிட்டார். மார்ச்சில் போன முதல் பயணத்தில், மனைவி நிழலில் உட்கார்ந்திருந்த பகல் முழுவதும், வெயிலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, எதிரே இருந்த மரங்களின் நுனி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.