அடிப்பலகைக்குக் கீழே இரண்டு துவக்குகள்

ஆயுதம் ஒன்றைக் கண்டெடுப்பவர் அதை உடனடியாக உரிய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. துவாயில் சுற்றிப் பையில் போட்டு டிராமில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. நகராட்சி அலுவலகம் ஒன்றில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து, முதுகுவலியை உரிய படிவத்தில் நிரூபித்து, முன்கூட்டியே ஓய்வுபெற்றவள் நான். இந்த வித்தியாசத்தை இன்று நித்திரையிலும் சொல்வேன். ஆனால் ஜேர்மனியில் எசன் நகரத்துக்கு வந்த இரண்டாவது வருடத்தில், பதினொரு வயதில், எனக்கிருந்த ஒரே தகுதி எங்கள் வீட்டில் ஜேர்மன் எழுதத் தெரிந்த ஆள் நான்தான் என்பது.

எங்கள் தெருவில் பழைய தளபாடங்களை நடைபாதையில் வைப்பதற்கென்று ஒரு நாள் உண்டு. பிறகு லொறி வந்து அள்ளும். அதற்கு முன் எங்கள் ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கள் கட்டில், மேசை, ஒன்றோடொன்று சேராத நான்கு கதிரைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த ஏப்ரலில் அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் மூச்சுவாங்க மூன்றாம் மாடிக்கு ஏற்றிவந்தது, இரும்புப் பட்டி போட்ட பழைய மரப்பெட்டி ஒன்று. அம்மா அதற்குள் குளிர் உடுப்புகளை அடுக்க நினைத்தார். நான் அதற்குள் குடியிருக்க நினைத்தேன். ஏறிக் குதித்ததில் அடிப்பலகையின் ஒரு பக்கம் எழும்பியது. கீழே எண்ணெய்த் துணியில் சுற்றி இரண்டு கைத்துவக்குகள். நீளக் குழல், வளைந்த மரப்பிடி, பிடியில் செதுக்கிய கொடியும் பூவும்.

"அத்தான், இது கடற்கொள்ளைக்காரன்ரை சாமான்!" மாமா ஒன்றை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்த்தார்.

"வை கீழை," என்றார் அப்பா. "யன்னலைச் சாத்து. வாயையும் சாத்து."

நாங்கள் விட்டுவந்த ஊரில் ஒரு வீட்டில் துவக்கு எடுபட்டால், அது யாருடையது என்று நின்று விசாரிக்கமாட்டார்கள். வீட்டில் இருக்கிற எல்லோருடையதும்தான். இங்கேயோ எங்கள் தஞ்ச விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"கால்வாய்க்குள்ளை எறிவம் அத்தான்."

"எறியேக்கை ஆரும் கண்டால்?"

"அப்ப பெட்டியோடை திருப்பித் தெருவிலை வைப்பம்."

"உனக்கென்ன விசரே? ஏத்தேக்கை கீழ்வீட்டு மனுசி கதவைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டவ. நீயும் பல்லைக் காட்டி நன்றி சொன்னனீ."

கடைசியில் பொலிசுக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கூடவே ஒரு கடிதம். நான் கொப்பியில் தாள் கிழித்து மைப்பேனையோடு உட்கார்ந்தேன். அப்பா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"பெட்டியை எடுத்தது நான். துவக்கைக் கண்டதும் நான் மட்டும்தான். மனுசிக்கும் பிள்ளைக்கும் இதைப்பற்றி ஒண்டும் தெரியாது."

"நான்தானே அப்பா கண்டனான்?"

"எழுது பிள்ளை."

எழுதினேன். முந்திய கிழமைதான் எங்கள் வகுப்பில் ஒருத்தி, தெருவில் கிடந்த பணப்பையை ஒப்படைத்ததற்காக ஆசிரியை அவள் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தார். ஆகவே நான் எழுதியது இது: பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்பா, துவக்குகளைக் கண்டுபிடித்தவள் நான், அம்மா பக்கத்தில் நின்றார். மூன்று முழுப்பெயர்களும், பிறந்த திகதிகளோடு. மாமா எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. என் கூட்டெழுத்து அப்பாவுக்குப் பிடிபடாது; நான் விரல் வைத்த இடத்தில் கையொப்பம் போட்டார்.

மறுநாள் காலை அவர் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பிறகு எங்கள் பத்திரங்கள் எல்லாம் இருந்த கோப்பையும் கொடுத்தார்.

"ஏன் அப்பா மணிக்கூடு?"

"டிராமிலை சனம். கீறுப்பட்டுப் போம்."

"நானும் வாறன். மொழிபெயர்க்க ஆள் வேணுமெல்லோ?"

"உனக்குப் பள்ளிக்கூடம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை.

மூன்று மணித்தியாலம் கழித்து, பை வெறுமையாக, முத்திரை குத்திய துண்டு ஒன்றோடு திரும்பி வந்தார். பொலிஸ்காரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தாராம், கோப்பி கொடுத்தாராம். அம்மா கடிகாரத்தைத் தன் கையாலேயே அவர் கையில் கட்டிவிட்டார். கட்டி முடிக்க வெகு நேரம் எடுத்தது.

அதன்பின் ஏழு மாதம் அப்பா, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் ஒவ்வொரு நாளும், கடிதப்பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். பதில் வந்தபோது மூன்று பேருக்கும் பெயர் சொல்லி வந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அலுவலகக் கடிதம் விலாசமிடுவது முறையல்ல. அந்த அதிகாரி நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். துவக்குகள் குழல் வாயால் வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கும் மிகப் பழைய வகை, அனுமதிப்பத்திரம் தேவையில்லை, உரிமையாளர் எவரும் வராததால் கண்டெடுத்தவர்கள் வந்து எடுத்துச்செல்லலாம் என்றிருந்தது.

நான் உரக்க வாசித்தேன், என் பெயரை இன்னும் உரக்க. அப்பா கடிதத்தை வாங்கினார். ஜேர்மன் தெரியாவிட்டாலும் தட்டச்சில் இருந்த எங்கள் பெயர்களை அவரால் வாசிக்க முடியும்.

"உங்கடை ரெண்டு பேற்றை பேரும் ஏன் இதிலை?"

"உண்மையைத்தானே எழுதினனான்," என்றேன். "எல்லாரும் இருந்தனாங்கள்தானே."

"நான் கொண்டுபோன கடிதத்திலையோ?"

"ஓம்."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்து என் தலையில் கையை வைத்தார். கையை எடுக்கவேயில்லை. துவக்குகள் திரும்பக் கிடைக்கிற சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். எங்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தனியாக உள்ளே போனதாக அந்த மனிதர் ஏழு மாதமாக நம்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பிடியிலிருந்து நழுவி, அலுவலகக் கடிதம் வந்தால் செய்ய வேண்டும் என்று பள்ளியில் சொல்லித்தந்ததைச் செய்தேன். பென்சில் எடுத்து, உறையின் மூலையில், கிடைத்த திகதியைக் குறித்தேன்: நவம்பர் பதினாறு.