சித்தியின் கட் ஷூ

சித்தியின் இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை என்பது எட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. நடக்கும்போது அவள் ஒரு பக்கம் தாழ்ந்து எழுவாள். சிலருக்குச் சுருட்டை முடி இருக்கிற மாதிரி, அது அவளுடைய நடை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அம்மாவின் தங்கையான அவள் இலஞ்சியில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தாள். சுரண்டையிலிருந்து அவளைப் பெண்பார்க்க வருவதாகத் தரகர் சொன்ன பிறகுதான் வீட்டில் அந்தக் காலைப் பற்றிப் பேச்சு வந்தது.

அப்பா ஒரு யோசனை சொன்னார். காலணி செய்து போட்டுவிட்டால் நடை தெரியாது. ஆனால் வீட்டில் பெண்பார்த்தால் யாரும் காலணி போட்டுக்கொண்டு காபி கொடுக்க முடியாது. கோயிலிலும் முடியாது. ஆகவே குற்றாலம். சீசன் நேரம், சாரல் நன்றாக இருக்கிறது, பூங்காவில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது புது நாகரிகமாகப் பட்டிருக்க வேண்டும். உடனே சம்மதித்துவிட்டார்கள்.

தென்காசியில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தச் செருப்புக் கடை. உள்ளே நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அப்பா, சித்தி, நான் மூன்று பேரும் போனோம். தைக்க வந்த பள்ளிக்கூட ஷூக்களும் ஜிப் போன பைகளும் சுவரெல்லாம் தொங்கின. மரத்தில் செய்த கால்கள் ஒரு பலகை மேல் வரிசையாக நின்றன. யாருடைய கால்கள் என்று கேட்டேன். எல்லோருடையதும்தான் என்றார் கடைக்காரர். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அவர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, சித்தியைக் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு இடது காலுக்குக் கீழே ஒவ்வொரு அட்டையாகச் செருகினார். என்னைப் பின்னால் நிற்கச் சொல்லி, இரண்டு தோளும் சமமாக வரும்போது குரல் கொடுக்கச் சொன்னார். ஆறாவது அட்டைக்குச் சித்தி நேராக நின்றாள். அவள் அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அளந்த உயரத்தை இடது ஷூவுக்கு அடியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் இலேசாக இருக்கும், நடக்கச் சுகம் என்றார் அவர். தெரியாமல் செய்ய வேண்டுமென்றால் இரண்டு ஷூவையும் வெளியே ஒரே உயரத்தில் செய்து, இடதுக்குள்ளே தக்கையை அடுக்கி, வலதைக் குழியாக விட வேண்டும், கனக்கும், புழுங்கும். தெரியவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைக்காரர் சித்தியைப் பார்த்தார். "டீச்சர் என்ன சொல்லுதிய?"

"அத்தான் சொல்லுத மாதிரியே இருக்கட்டும்" என்றாள் சித்தி.

ஒரு வாரத்தில் ஷூ வந்தது, பாதத்தின் மேல்பக்கம் திறந்த கட் ஷூ. கறுப்புத் தோல், சின்ன வளையம் வைத்தது. வெளியே இரண்டும் அச்சாக ஒன்று போலவே இருந்தன. கையை உள்ளே விட்டால்தான் சங்கதி தெரியும். வலதுக்குள் விரல்கள் ஆழத்துக்குப் போயின. இடதில் விட்டவுடனே முட்டின. என் கை ஓயவில்லை. வெளியே ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் ஒரு பொருள் இருக்க முடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

குற்றாலத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சித்தி பூங்கா வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியில் கால் நனைக்காமல் போகலாமா என்று அந்த அம்மா எழுந்தபோது அப்பாவின் முகம் மாறியது. சித்திக்குச் சளி என்று அம்மா சட்டென்று சொன்னாள். என்னைத் துணைக்கு விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் சற்றுத் தள்ளி, ஒரு பழக்கடையின் தகரக் கூரைக்கடியில் நின்றுகொண்டார்.

தூறல் போட்டது. சித்தி ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்திலேயே அம்மாவின் பெரிய பை இருந்தது.

"ஏட்டி, இது நனைஞ்சிரும். அந்தா அவுக நிக்காகல்லா, அங்கன போயி நில்லு."

போய் நின்றேன். கொஞ்ச நேரம் சும்மாத்தான் நின்றேன். பிறகு, இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார்.

"கையை உள்ள விட்டுப் பாருங்க மாமா."

அவர் சிரித்துக்கொண்டே வலதில் கையை விட்டார். இடதில் விட்டதும் சிரிப்பு நின்றது. நான் அட்டை, தக்கை, தோள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அவுக காட்டச் சொன்னாகளா?" என்று கேட்டார்.

"இல்ல, நானாத்தான் காட்டுதேன்" என்றேன் பெருமையாக.

அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். சித்தி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிவிட்டு, இரண்டு வெறுங்காலையும் சேர்த்து முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்று மற்றதை எட்டவில்லை. அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஷூவை வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். குட்டைக் கால் பெரிய குறையில்லையாம், மறைத்ததுதான் மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லையாம். அப்பா வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகு பெண்பார்க்க வந்தவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். சித்தி காபித் தட்டோடு தாழ்ந்து எழுந்து நடந்து போனாள். மூன்றாவதாக வந்தவர்தான் என் சித்தப்பா.

ஆனால் அன்று சாயங்காலம் குற்றாலத்திலிருந்து திரும்பும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செய்த காரியம் அதற்குள் என் வாயாலேயே வெளிவந்துவிட்டது. பஸ்ஸில் அம்மா என்னைக் கிள்ளினாள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நான் விம்மி விம்மி அழுதேன். சித்தி மட்டும் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு வந்தாள். என்னை இழுத்து மடியில் வைத்து, பஜ்ஜியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, என் காதுக்குள் சொன்னாள்: "நீ ஒண்ணும் கெடுக்கல. போதுமா?"

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக அழுதேன்.