மாஸ்டர் எழுதாத காரணம்

இன்று கனடாவின் பிரெஞ்சு பேசும் பக்கத்தில், வில்லரேயில், மாஸ்டருடன் சண்டை பிடித்தேன். எங்கள் சனத்துக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். எல்லாருக்கும் ஒரே கதை: இராணுவம் வந்தது, பிடித்தது, அடித்தது.

என்னோடு வந்திருந்த யசிந்தாவுக்கும் அதையே எழுதி வைத்திருந்தார். அவள் மன்னாரை விட்டு ஓடிவந்தது இராணுவத்துக்குப் பயந்து அல்ல. இன்னொரு பெண்ணோடு வாழ்ந்ததற்காகக் கொல்லுவோம் என்ற சொந்த அண்ணன்மாருக்குப் பயந்து. விண்ணப்பம் தள்ளுபடியானால் அவர்களிடம்தான் திரும்ப வேண்டும்.

"உண்மையை எழுதும், மாஸ்டர்," என்றேன்.

"என்னக்கா கதைக்கிறியள்? இதை எழுதினால் எங்கட மானம் என்னாகிறது?"

"நீர் எழுதின கதையாலதான் என்ர முதல் விண்ணப்பமே தள்ளுபடியானது. எனக்கு முன்னால போனவளும் அதே கதையைத்தான் சொன்னவள்."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

யசிந்தாவின் காரணத்துக்கும் கனடா அடைக்கலம் தருகிறது. நூலகத்தில் அகராதியோடு குந்தியிருந்து நானே வாசித்து அறிந்தது அது. அதைச் சொன்னதும் யசிந்தா தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தாங்கோ. நானே எழுதுறன்."

மாஸ்டரின் மேசையிலேயே நான்கு பக்கம் எழுதினாள். கூட வாழ்ந்தவளின் பெயர் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

விசாரணைக்கு நான் சாட்சியாகப் போகிறேன். அதற்குள் அந்த நான்கு பக்கத்தையும் பிரெஞ்சில் மாற்ற வேண்டும். மாஸ்டர் மாட்டாராம்.

மானத்தை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடிய, பிரெஞ்சு தெரிந்த தமிழர் இந்த முகநூல் குழுவில் யாராவது உண்டா?