சிவப்புத் துப்பாக்கியைச் சுரண்டப் போன கதை

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அருவி, பரோட்டாக் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது ஒரு சோதனைக்கூடத்துக்கு. போன மாதம், தை முடிகிற நேரம்.

என் மகனுக்கு மூன்று வயது. பொங்கலுக்குப் பிறகு அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுத்தான். மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், காரீயம் கூடுதலாக இருக்கிறது, எதையாவது கடிக்கிறானா என்று கேட்டார். கடிக்கிறான். தீபாவளிக்குச் சிவகாசியில் பட்டாசு வாங்கியபோது, அதே மொத்தக் கடையில் இரண்டு பொட்டுவெடித் துப்பாக்கியும் வாங்கினோம். தகரத்தில் செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்தவை. ஒன்றின் முனையில் இப்போது பெயிண்டே இல்லை. காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார் டாக்டர். அது துப்பாக்கியா, வீட்டுச் சுவரா, குடிதண்ணீரா? தூக்கம் போய்விட்டது.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் சிவகாசி பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. இறங்கியதும் ஆட்டோ பிடித்துக் கடைப் பெயரைச் சொன்னேன். டிரைவர் பெயர் மாரிச்சாமி, முப்பது வயதுக்குள் இருக்கும். வழி கேட்காமல் நேராகக் கொண்டுபோய் நிறுத்தியவர், கடைக்காரரைப் பார்த்து, "வணக்கம் மொதலாளி" என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார். கம்பெனி கொடுத்த சோதனைச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். காரீயம் இல்லை என்று இருந்தது, கீழே ஒரு துப்பாக்கிப் படமும் இருந்தது. ஆனால் அது ஜெராக்ஸ். என்ன நிறத் துப்பாக்கி என்று தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் புதுப் பீஸ் ஒன்றைத் தானே சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அவர் அனுப்பி, அவர் வாங்கி, அவரே சொல்வாராம். என்னைப் பார்த்தால் அவ்வளவு இளிச்சவாய் மாதிரியா தெரிகிறது?

தனியார் சோதனைக்கூடம் விருதுநகரில் இருக்கிறது, சுமார் 27 கிலோமீட்டர். பகல் ஒரு மணிக்கு மேல் மாதிரி வாங்க மாட்டார்கள். பஸ்ஸை நம்ப முடியாமல் அதே ஆட்டோவை எழுநூறு ரூபாய்க்குப் பேசினேன். வழியெல்லாம் மாரிச்சாமிக்குக் கேள்விதான். துப்பாக்கியை என்ன செய்வார்கள், எதைச் சுரண்டுவார்கள், எம்புட்டு நாளாகும்? கடைக்காரருக்கு வேவு பார்க்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆமத்தூரில் டீ குடிக்க நிறுத்தினார். தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டார். காற்று என் பக்கம் அடித்ததால் ஒரு வரி காதில் விழுந்தது: "இனிமே தொடாத. அப்பிடியே மூடி வச்சிரு." சரக்கை மறைக்கச் சொல்கிறார்!

சோதனைக்கூடத்தில் அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அங்கிருந்த பெண் பிளேடால் பெயிண்டை மெல்லச் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே வெள்ளி நிறத்தில் இன்னொரு பூச்சு இருந்தது. இரண்டு பூச்சையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் சரியாக இருக்கும், கட்டணமும் இரண்டு மடங்கு என்றார். இது காசு பிடுங்கும் வழியோ என்று அவர் மேலேயும் ஒரு சந்தேகம். இருந்தாலும் நாலாயிரத்து நானூறு கட்டினேன். நான்கு நாளில் முடிவு மெயிலில் வரும் என்றார்கள்.

ஆட்டோ காசை ஜிபேயில் போட்டதில் என் நம்பர் மாரிச்சாமிக்குப் போயிருந்தது. மறுநாளே போன். "ரிசல்ட் வந்துருச்சாக்கா?" அடுத்த நாளும் அதே கேள்வி. அவர் பெயரை 'ஆட்டோ, ஜாக்கிரதை' என்று பதிந்து, பேச்சைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்தேன். நாளைக்குப் போலீசில் காட்ட வேண்டியிருக்குமே.

நான்காம் நாள் முடிவு வந்தது. வெள்ளிப் பூச்சில் காரீயம் இல்லை. சிவப்பில் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து மாரிச்சாமியின் போன். உங்க முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள், துப்பாக்கியில் விஷம்தான் என்று கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "மேல் கோட்டாக்கா, அடிக் கோட்டா?" என்றார்.

இரண்டு பூச்சு இருக்கிற விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மேல் கோட்டு எங்க வீட்டுல அடிச்சதுக்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சீசனில் விற்காத துப்பாக்கிகள் கடைக்குத் திரும்பி வரும். குடோனில் கிடந்து துருப்பிடிக்கும். அடுத்த சீசனுக்காக, பக்கத்தில் விஸ்வநத்தத்தில் வீடு வீடாக மூட்டையைக் கொடுத்து, மேலே ஒரு பூச்சு அடித்து வாங்குவார்கள். பெயிண்டையும் கடையே கொடுக்கும். இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சியது எதுவானாலும் சரி. கம்பெனிச் சான்றிதழ் அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சுக்கு மட்டும்தான். அவர் வீட்டில் வேலை செய்வது மனைவி. ஆமத்தூரிலிருந்து பேசியதும் அவளிடம்தான்.

"அவளுக்கு இப்ப ஏழு மாசம்க்கா. உங்ககிட்ட எப்பிடிக் கேக்கன்னு தெரியல. ரத்தம் எங்கன குடுக்கணும்?"

டாக்டர் பெயரும் விலாசமும் அனுப்பினேன். கலெக்டர் அலுவலகத்தில் கடையின் மேல் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். வீட்டில் பெயிண்ட் அடித்தவர்கள் பெயரை எழுதவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: கடைக்காரர் தரும் பீஸ் வேண்டாம், பிள்ளை கடித்ததையே கொண்டுபோங்கள். சான்றிதழ் எந்தப் பூச்சுக்கு என்று கேளுங்கள். பெயிண்டைத் தனித்தனியாகச் சுரண்டச் சொல்லுங்கள். விருதுநகருக்குப் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்தால், வெளியே வந்ததும் எண்ணெய் பரோட்டா சூடாகக் கிடைக்கும். எனக்குத்தான் அன்று சாப்பிடத் தோன்றவில்லை.

துப்பாக்கி போனதிலிருந்து என் மகன் பரவாயில்லை. மாரிச்சாமியும் மனைவியும் போன வியாழக்கிழமை மதுரைக்கு வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இப்போது தினமும் போன் போட்டு, ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்பது நான்தான்.