புயலுக்கும் அவிழாத கொடி

இன்று காலை எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் குடியரசு தினக் கொடியேற்றம்.

சுதந்திர தினத்துக்குக் கொடியைக் கீழேயிருந்து ஏற்ற வேண்டும். இன்றைக்கு அப்படி இல்லை. பூவை வைத்து மடித்து உச்சியிலேயே கட்டியிருக்கும். கயிற்றை இழுத்தால் விரியும்.

இந்த வருஷம் கட்டும் வேலையை அந்தோணி ஆசையாகக் கேட்டு வாங்கினான். உவரியில் படகு ஓட்டியவன், இப்போது எங்களோடு ஆட்டோ ஓட்டுகிறான். புதுச்சட்டை வேறு.

தலைவர் அண்ணாச்சி கயிற்றை இழுத்தார். நாங்கள் சல்யூட் வைத்தோம். கொடி விரியவில்லை. மறுபடி இழுத்தார். கம்பம்தான் ஆடியது.

"ஏலே அந்தோணி, என்ன முடிச்சுலே போட்டிருக்கே?"

"படகுக்குப் போடுத முடிச்சு அண்ணாச்சி. புயலுக்கே அவுழாது."

"இது அவுழணும்லே!"

கொடியை இறக்கினோம். தரையில் பட்டுவிடக் கூடாதே என்று அத்தனை பேரும் கீழே கையேந்தி நின்றோம். அந்தோணி முகம் வாடிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பக் கட்டினான்.

கொடி மேலே போனதும் அண்ணாச்சி கயிற்றை அவன் கையில் கொடுத்தார். "நீயே இழுலே. பைய."

விரிந்தது. பூவெல்லாம் அண்ணாச்சி வழுக்கையில்.

அண்ணாச்சிக்கு மேடை ஏறினால் வேட்டி இடுப்பில் நிற்காது. அந்த முதல் முடிச்சை அதற்குப் போட்டுவிடலாமா? தைரியமாகச் சொல்லுங்கள், அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார்.