சமைக்கிற ஆளைக் கேட்கிறவர்

திருவலையில் ஏறியிருந்து தேங்காய் திருவுகிறார் தங்கரத்தினம். குசினி அவருடையதல்ல, தேங்காய் மட்டும் அவர் கையோடு கொண்டுவந்தது. வீட்டுக்காரி அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். தேங்காய்ப்பூ தட்டில் விழ விழ, அயல்வீட்டுக் கதை விசாரிக்கிற குரலில் இவர் கேட்கிறார்: “மனுசன் ராத்திரி நித்திரை கொண்டவரோ? சோத்தில எவ்வளவு மிச்சம் வைச்சவர்? வீட்டில வேற ஆருக்குக் காய்ச்சல்?” பதில் வந்ததும் கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, பக்கத்தில் கிடக்கும் கொப்பியில் ஒரு சொல் எழுதுகிறார். பிறகு பென்சில் கொண்டைக்குப் போகிறது. கை தேங்காய்க்குப் போகிறது.

“கை வேலை செய்யேக்க வாய் பொய் சொல்லாது, மாஸ்டர்” என்பார் என்னிடம். இது எந்த மருத்துவ நூலிலும் இல்லாத விதி. ஆனால் வேலை செய்கிறது.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு டிஸ்பென்சரி இருக்கிறது. தங்கரத்தினம் அங்கே அற்றென்டன், டொக்டருக்குக் கையுதவி ஆள். நான் நோயாளிகளுக்குத் துண்டுச்சீட்டு எழுதுகிறவன். அதற்கு முன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, என் கரும்பலகையில் இப்போது எந்தச் சிப்பாய்க்கு எப்போது காவல் என்று எழுதியிருக்கிறதாம். ஆகவே நோயாளிகளின் பெயரும் வயதும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் உண்டு.

தங்கரத்தினத்துக்கு வயது நாற்பத்தெட்டு. சிரித்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் காலில் போடுவதைவிடக் கையில் பிடித்து நடப்பதுதான் அதிகம். உள்ளங்கை இரண்டும் மஞ்சள் அரைத்த கைபோல இருக்கும். அது அரைத்த மஞ்சளல்ல, மலேரியாக் குளிசை. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு பழைய காய்ச்சல் மருந்தான கொயினா வருவது அருகிவிட்டது. பதிலுக்கு இந்த மஞ்சள் குளிசையைத் தருகிறார்கள். ஆளுக்கு நாளுக்கு ஒன்று, தொழிலாளிக்கும் அவன் வீட்டாருக்கும், கிழமைக்கு ஒருமுறை கடதாசிச் சரையில் கட்டிக் கொடுப்போம். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. தின்றவர் தோல் மஞ்சளாகும். தங்கரத்தினம் தன் குளிசையை எல்லோரும் பார்க்க டிஸ்பென்சரி வாசலில் நின்றுதான் விழுங்குவார்.

‘பைத்தியம்’ என்ற சொல் அவர் வாயில் வராது. “ஆள் கொஞ்சம் தடம் மாறியிருக்கு” என்பார். தடம் மாறியவர்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறார், பட்டாளத்து பிஸ்கட் தகரத்துக்குள். ஒருவருக்கு ஒரு பக்கம். காய்ச்சல் வந்ததா, குடி உண்டா, முந்தி எந்த ஊரில் இருந்தவர், என்ன தொழில், இப்போது யாரோடு இருக்கிறார், யார் சமைக்கிறது. யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. சம்பளத்திலும் இதற்கு இடமில்லை. எட்டு மாதத்தில் பத்தொன்பது பக்கம் நிரம்பியிருந்தது. நான்கு மாதம், ஆட்கள் தடம் மாறுவது பட்டாளத்து மாவால்தான் என்று நம்பி, வீடு வீடாக மாவை முகர்ந்து பார்த்துத் திரிந்ததையும் சொல்லவேண்டும். மாவில் ஒரு பிழையும் இல்லை என்று கண்டதும் அந்தப் பக்கங்களில் ஒரு கோடு இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். வெட்கப்படவுமில்லை.

போன மாதம் கனகசபையைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

கனகசபை இறக்கக்கண்டிக்காரர், கடல் தொழில். யுத்தம் வந்து கடலுக்கு வேலி போட்ட பிறகு, மனைவி சீதேவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே தொழிலாளர் லயனில் ஒரு வரிசை வீட்டில் குடியேறி, எண்ணெய்க் குழாய் தூக்குகிறார். வாய் திறவாத மனுசன். அப்படிப்பட்டவர் ஐந்து நாள் கண்மூடாமல் பேசிக்கொண்டேயிருந்து, ஆறாம் நாள் காலை எண்ணெய்த் தாங்கியின் ஏணியில் உச்சிவரை ஏறி, துறைமுகத்தைப் பார்த்துக் கட்டளையிட்டிருக்கிறார்: “உந்தக் கப்பல் எல்லாத்தையும் வெளியால எடுங்கோ! நான் வலை போடோணும்!” காவல் சிப்பாய் சுடாமல் விட்டது அந்தப் பெண்பிள்ளைகளின் அதிர்ஷ்டம். நான்கு பேர் இறக்கினார்கள். டிஸ்பென்சரி வாங்குப்பலகையில் இருத்தியும் அவர் கட்டளை ஓயவில்லை.

எங்கள் டொக்டர் மானிப்பாய்க்காரர். நல்லவர், ஆனால் நேரமில்லாதவர். அவருக்கு முன்னால் நாளுக்கு நூற்றைம்பது பேர். கனகசபையைப் பார்த்தார், கேட்டார், கடதாசியை எடுத்தார். “இது குண்டுப் பயம். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஜப்பான்காரன் போட்ட குண்டு, இப்ப முளைச்சிருக்கு. கொழும்புக்கு ஏத்துங்கோ. வெள்ளிக்கிழமை ரயில்.”

கொழும்புக்கு ஏற்றுவது என்றால் பைத்திய ஆஸ்பத்திரிக்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே போனவர் எவரும் இந்த லயனுக்குத் திரும்பி வந்து நான் கண்டதில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

தங்கரத்தினம் கனகசபையின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். தன் கையைப் பக்கத்தில் வைத்தார். கனகசபையுடையது தன்னுடையதைவிட இரண்டு மடங்கு மஞ்சள். கண்ணின் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. ஆகவே மஞ்சட்காமாலை அல்ல. பிஸ்கட் தகரத்தையும் ஒரு தேங்காயையும் எடுத்துக்கொண்டு லயனுக்கு நடந்தார். பெயர்ப் பட்டியல் சரிபார்க்கிற சாட்டில் நானும் பின்னால் போனேன்.

சீதேவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூத்தவள் இரத்தினேஸ்வரி மூலையில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். இளையவள் அவளுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். தங்கரத்தினம் திருவலையை இழுத்துப்போட்டு ஏறியிருந்தார். வழக்கமான கேள்விகள். நித்திரை, சோறு, குடி. சீதேவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சல்லி அம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

“நல்லது, வையுங்கோ” என்றார் தங்கரத்தினம். “பிள்ளையள் ரெண்டுக்கும் என்னண்டு காய்ச்சல் வந்தது? குளிசை போடுறேல்லையோ?”

அரிசி களைந்த கை நின்றது.

“சீதேவி, உங்களுக்கும் மேல் சுடுது போல கிடக்கு. உங்கட தோல் மஞ்சளில்ல. பிள்ளையளின்ர தோலும் மஞ்சளில்ல. கிழமைக்குக் கிழமை உங்களுக்குத் தந்த குளிசை எங்க?”

சீதேவியின் கை தானாகவே சேலைத் தலைப்புக்குப் போயிற்று. அங்கே ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் அன்றைய மூன்று குளிசைகள்.

“அவர் ஒரு நாள் வேலைக்குப் போகாட்டிப் பேரை வெட்டிப்போடுவாங்கள், அக்கா” என்றாள். “எங்களுக்குக் காய்ச்சல் வந்தாப் பாயில கிடக்கலாம். அவருக்கு வந்தா ஏலாது. அதோட குமர்ப்பிள்ளையள் மஞ்சளாப் போனா ஆர் கேட்டு வருவினம்? எங்கட பங்கையும் வாழைப்பழத்துக்குள்ள வைச்சு அவருக்குத்தான் குடுத்தனான். சத்துக் குளிசை எண்டு சொன்னனான்.”

“நாளுக்கு நாலு?”

“ஓம். ரெண்டு மாசமா.”

தேங்காய் திருவும் சத்தமும் நின்றுபோனது. நான் வாசலில் நின்றபடி விரல்விட்டு எண்ணினேன்: ஆளுக்கு ஒன்று, இவருக்கு நாலு. சீதேவிக்கும் அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். ஈரக் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். “அப்ப நானோ அவரை இப்பிடி ஆக்கினனான்? ஐயோ, நானோ?”

தங்கரத்தினம் திருவலையிலிருந்து எழுந்து அவள் கையைப் பிடித்தார். “நீங்கள் அவரைக் காய்ச்சலில இருந்து காப்பாத்தினீங்கள். அளவு கூடிப்போச்சு, அவ்வளவுதான். கறியில உப்புக் கூடினாச் சட்டியை உடைக்கிறதோ? பாலை விட்டுச் சரிக்கட்டுறேல்லையோ? நேர்த்தி இருக்கட்டும். குளிசை இண்டையோட நிக்கோணும்.”

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. புதன்கிழமை முழுவதும் பழைய பக்கங்களின் வீடுகளுக்குத் திரும்பவும் ஏறி இறங்கினார். பத்தொன்பதில் ஏழு பேர் குடி. மூன்று பேருக்குக் காய்ச்சலே மூளைக்கு ஏறியது. மிச்சம் ஒன்பது பேருக்கும் வீட்டில் சமைத்துப் போடுகிறது மனைவியோ தாயோ. ஒன்பது வீட்டிலும் பெண்கள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். ஒருத்தியின் தோலும் மஞ்சளில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேலைத் தலைப்பு முடிச்சு. தனிக்கட்டைகள் அறுபது பேர் இருக்கிற நீளக் கொட்டிலில், அவர்களும் அதே குண்டைக் கண்டவர்கள், அதே குழாயைத் தூக்குகிறவர்கள், ஒருவர்கூடத் தடம் மாறவில்லை. அவர்களுக்குத் தன் பங்கைத் தர ஆளில்லை. பாசம் கூடின வீட்டில்தான் இந்த நோய் வந்திருக்கிறது. இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் வாத்தியார் என்பதையும் மறந்து வாய் பிளந்து நின்றேன்.

“இதை இங்கிலீசில எழுதித் தாங்கோ மாஸ்டர். டொக்டர் தமிழில வாசிக்கமாட்டார்.”

வியாழக்கிழமை மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு எழுதினேன். டொக்டர் நின்றபடி வாசித்துவிட்டுத் தங்கரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

“சாப்பிட்ட குளிசையால எண்டு என்னண்டு நிச்சயமாச் சொல்லுறீர்? கடல் போச்சு, வீடு போச்சு, குண்டு விழுந்தது. மனம் உடையாதோ?”

“உடையும் டொக்டர் ஐயா. அதுதான் அவர் கப்பலை வெளியால போகச் சொல்லுறார். அந்தக் கதை கடலால வந்தது. நித்திரை போனது குளிசையால. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கோணும். கடலை நான் திருப்பிக் குடுக்க ஏலாது. குளிசையை நிப்பாட்ட ஏலும். ரெண்டு கிழமை தாங்கோ.”

“காவல்காரர் விடமாட்டாங்கள். அவர் திரும்பவும் ஏறினால்?”

“மருந்துப் பெட்டி வைக்கிற அறையில வைச்சிருக்கிறன். வாசலில நான் படுக்கிறன்.”

டொக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். அப்போதுதான் தங்கரத்தினம் அதைச் சொன்னார். குரல் உயரவில்லை.

“என்ர அண்ணனை ஏத்தி அனுப்பேக்க எனக்குப் பதினாறு வயசு. பொலிஸ்காரனைக் கேட்டினம், ஊர் விதானையைக் கேட்டினம், சாமி ஆடுறவரையும் கேட்டினம். சோறு போட்டது நான். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது.”

டொக்டர் கொழும்புக்கு ஏற்றுகிற கடதாசியை எடுத்தார். பிறகு வெள்ளிக்கிழமைத் திகதியை வெட்டி, இரண்டு கிழமை தள்ளி ஒரு திகதி போட்டார். “அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை.”

அந்த இரண்டு கிழமையும் சுகமாகப் போனதென்று எழுத எனக்கு ஆசைதான். ஐந்தாம் நாள் கனகசபை கதவை உதைத்து ஒரு பலகையைக் கழற்றிவிட்டார். காவல் மேலாளர் இரண்டு தடவை வந்து ஆங்கிலத்தில் கத்திவிட்டுப் போனார். ஏழாம் நாள் என்னாலும் பொறுக்க முடியாமல், “ஒருவேளை பிழை எங்களிலதானோ?” என்று கேட்டேன். “பிழையெண்டா இந்தப் பக்கத்திலயும் கோடு இழுப்பன்” என்றார் தங்கரத்தினம். “பதினாலாம் நாள் இழுப்பன். இண்டைக்கு ஏழுதானே.” அறைக்குள் கனகசபைக்குக் கஞ்சி ஊட்டினார், கப்பல்கள் வெளியே போகிற கதையை மணிக்கணக்காகக் கேட்டார், எந்தக் கப்பல் எந்த வழியால் போகவேண்டும் என்பதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் கனகசபை சாப்பிட்ட கையோடு நித்திரையானார். பத்தொன்பது மணித்தியாலம். பன்னிரண்டாம் நாள் எழுந்திருந்து, மெதுவாக, “இது எந்த இடம்? சீதேவி எங்க?” என்று கேட்டார். தங்கரத்தினம் பென்சிலை உருவி எழுதினார். பிறகு சீதேவியைக் கூட்டிவர என்னை அனுப்பினார்.

ரயில் கனகசபை இல்லாமலே போனது.

டொக்டர் நல்லவர் என்றேன். அது உண்மைதான், உடனே மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார், நான் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தி. அறிக்கையில் அவருடைய பெயர் இருந்தது. ‘உள்ளூர் விசாரணைகளின்படி’ என்று ஒரு வரியும் இருந்தது. அந்த உள்ளூர் விசாரணைகள்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லயன் லயனாக நடந்த தங்கரத்தினம். எனக்குக் கோபம் வந்தது; இப்போதும் இருக்கிறது. அவருக்கு இல்லை. “பேர் ஆருக்கு வேணும், மாஸ்டர்? குளிசையைச் சரையில குடுக்காமல் கண்ணுக்கு முன்னால விழுங்கப் பண்ணோணும் எண்டு ஓடர் போட்டுத் தந்தால் காணும்.”

ஓடர் வந்தது. இப்போது ஒவ்வொரு காலையும் ஒரு வாளித் தண்ணீரும் தகரப் பேணியுமாக லயனைச் சுற்றுகிறார். வாசலில் நின்று, ஆளுக்கொரு குளிசை, ஆளுக்கொரு மிடறு, பிறகு “நாக்கை நீட்டுங்கோ.” ஆண்களுக்கு வெட்கம், பெண்களுக்கு அதைவிட வெட்கம். ஒருத்தரையும் விடுவதில்லை.

நேற்று நானும் கூடப் போனேன். கனகசபை வாசலில் குந்தியிருந்து பழைய வலையொன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். தன் குளிசையை விழுங்கி, வலையிலிருந்து கண் எடுக்காமலே நாக்கை நீட்டினார். பிள்ளைகள் இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நீட்டினார்கள். சீதேவி தன் குளிசையை வாங்கினாள். புருசனை ஒருமுறை பார்த்தாள். அவள் கை, பழகின கை, சேலைத் தலைப்புக்குப் போய் முடிச்சுப் போட்டுவிட்டது.

தங்கரத்தினம் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. வாளியைக் கீழே வைத்தார். தன் குளிசையை எடுத்து வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு, சிரித்து நான் ஒருநாளும் கண்டிராத அந்த முகத்தை சீதேவிக்கு நேரே கொண்டுபோய், மஞ்சள் பிடித்த நாக்கைச் சின்னப்பிள்ளைபோல முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டு, அவள் முடிச்சை அவிழ்க்கும்வரை அப்படியே நின்றார்.